நூற்றுக்கு நூறு வாங்கக் கூடாத பரீட்சை



இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். ஞாயிற்றுக்கிழமைதானே, பொறுமையாகப் படிப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். வீட்டிலோ உறவிலோ குறைமாதத்தில் பிறந்த குழந்தை இருந்தால், முழுதும் படிக்க நேரமில்லாதவர்கள் கடைசியில் '30 நாள்' என்று எழுதியிருக்கும் பகுதியையாவது படித்துவிடுங்கள்.

போன மாதம் நம் உறவில் ஒரு பெண்ணுக்கு ஏழாம் மாதத்திலேயே பிரசவமாகிவிட்டது. குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கிறது, தேறி வருகிறது. விசாரித்த பெரியவர்கள் பலரும் என்னிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "மூச்சுத் திணறுதுன்னுதானே ஆக்சிஜன் வைக்கிறாங்க? அதை ஏன் இப்படி அளந்து அளந்து குறைக்கிறாங்க? நல்லாத் திறந்து விட்டா சீக்கிரம் தேறிடாதா?"

நியாயமான கேள்வி. எண்பது வருடங்களுக்கு முன்னால் உலகின் மிகச் சிறந்த மருத்துவர்களும் இப்படித்தான் நினைத்தார்கள். திறந்தும் விட்டார்கள். அதனால் சுமார் 10,000 குழந்தைகள் பார்வை இழந்தார்கள். பிறகு பயந்துபோய் மூடினார்கள். அதற்கும் குழந்தைகள்தான் விலை கொடுத்தார்கள். எவ்வளவு கொடுப்பது என்ற கணக்குக்கு ஓரளவு விடை கிடைக்க 2010-க்கு மேல் ஆகிவிட்டது. அந்த வரலாற்றைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

எரியும் மெழுகுவர்த்தி மேல் கண்ணாடி டம்ளரைக் கவிழ்த்து, சுடர் அணைவதைப் பார்த்தோமே, ஞாபகம் இருக்கிறதா? ஆக்சிஜனை 1774-ல் பிரித்தெடுத்த ஜோசப் பிரீஸ்ட்லியும் மெழுகுவர்த்தியை வைத்துத்தான் பார்த்தார். புதிய வாயுவில் சுடர் பளிச்சென்று எரிந்தது. மூடிய பாத்திரத்தில் விட்ட எலி, சாதாரணக் காற்றில் இருப்பதைவிட அதிக நேரம் உயிரோடு இருந்தது. அவரே சுவாசித்துப் பார்த்துவிட்டு நெஞ்சு லேசானதுபோல் இருந்தது என்று எழுதினார். கூடவே ஒரு சந்தேகத்தையும் எழுதி வைத்தார். இந்தக் காற்றில் மெழுகுவர்த்தி சீக்கிரம் எரிந்து தீர்ந்துவிடுகிறதே, அப்படி நம் உயிரும் சீக்கிரம் எரிந்து தீர்ந்துவிட்டால்? நோயாளிக்கு மருந்தாகலாம், நல்ல உடம்புக்கு ஆகுமா என்ற சந்தேகம் அது. பின்னால் வந்தவர்கள் அதைக் கவனிக்கவில்லை.

நாம் சுவாசிக்கும் காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம். தாயின் வயிற்றில் குழந்தைக்கு இதைவிட மிகக் குறைவாகத்தான் கிடைக்கும். அந்தக் குறைவில்தான் அதன் உறுப்புகள் எல்லாம் வளர்கின்றன, கண்ணும் அப்படித்தான். ஆறரை ஏழு மாதத்தில் பிறந்த குழந்தைக்கு நுரையீரல் முழுதாகத் தயாராகியிருக்காது. மூச்சு வரும், நிற்கும், மறுபடி வரும். உடம்பு நீலம் பாயும். பார்ப்பவர்களுக்கு மனசு பதறும். 1942-ல் அமெரிக்காவில் ஒரு மருத்துவர் குழு, இந்தக் குழந்தைகளுக்கு 70 சதவீதம் போல ஆக்சிஜன் கொடுத்தால் விட்டு விட்டு வரும் மூச்சு சீராகிறது என்று கண்டது. நீலமாக இருந்த குழந்தை ரோஜா நிறத்துக்கு வருகிறது. இதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்? யுத்தம் முடிந்த பிறகு, காற்றுக் கசியாத புதிய இன்குபேட்டர்கள் வந்தன. பழைய பெட்டிகளில் எவ்வளவு ஆக்சிஜன் விட்டாலும் பாதி வெளியே போய்விடும். புதியவற்றில் உள்ளேயே தங்கியது. வசதியுள்ள மருத்துவமனைகள் வாரக்கணக்கில் ஆக்சிஜனைத் திறந்து வைத்தன.

அதே காலத்தில் பாஸ்டன் நகரில் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. குறைமாதத்தில் பிறந்து, பிழைத்து, வீட்டுக்குப் போன சில குழந்தைகள் சில மாதங்களில் பார்வையில்லாமல் திரும்பி வந்தன. கண்ணின் லென்ஸுக்குப் பின்னால் வெள்ளையாக ஒரு சவ்வு. தியோடர் டெரி என்ற கண் மருத்துவர் 1942-ல் இதைப் பற்றி முதன்முதலில் எழுதினார். நோய்க்கு ரெட்ரோலென்டல் ஃபைப்ரோபிளேசியா என்று பெயர் வந்தது. லென்ஸுக்குப் பின்னால் நார்த்திசு வளர்தல் என்று பொருள். இன்று ரெட்டினோபதி ஆஃப் பிரிமேச்சூரிட்டி என்கிறார்கள், சுருக்கமாக ஆர்.ஓ.பி. காரணம் தெரியாமலேயே டெரி 1946-ல் இறந்துவிட்டார். 1940களின் முடிவில் அமெரிக்காவில் குழந்தைகளின் பார்வையிழப்புக்கு முதல் காரணம் இந்த நோய்தான்.

பாடகர் ஸ்டீவி வொண்டரைப் பலருக்குத் தெரிந்திருக்கும். 1950-ல் மிச்சிகன் மாநிலத்தில் குறைமாதத்தில் பிறந்தவர். இன்குபேட்டரில் வளர்ந்து பிழைத்தார்; பார்வை போயிற்று. அந்தப் பத்தாயிரம் பேரில் உலகத்துக்குத் தெரிந்த முகம் அவர்.

இதில் விசித்திரம் என்னவென்றால், நோய் ஏழைகளின் மருத்துவமனையில் குறைவாகவும் சிறந்த மருத்துவமனைகளில் அதிகமாகவும் இருந்தது. நல்ல கவனிப்பு எங்கே கிடைத்ததோ அங்கேதான் குழந்தைகள் பார்வை இழந்தார்கள். காரணம் தேடி மருத்துவர்கள் அலைந்தார்கள். வைட்டமின் குறைவா, இரும்புச்சத்து அதிகமா, பசும்பாலா, வெளிச்சமா என்று சந்தேகப்பட்டவை ஐம்பதுக்கு மேல் இருக்கும். ஆக்சிஜனும் அந்தப் பட்டியலில் ஒன்றாகக் கிடந்தது. ஆனால் உயிர் காப்பதை யார் முதல் குற்றவாளியாக நினைப்பார்கள்?

இங்கே வில்லியம் சில்வர்மன் என்ற குழந்தை மருத்துவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நியூயார்க்கில் வேலை பார்த்தவர். அவரும் உடனிருந்தவர்களும் ஏ.சி.டி.எச். என்ற ஹார்மோன் மருந்தை இந்த நோய்க்குக் கொடுத்துப் பார்த்தார்கள். 31 குழந்தைகளுக்குக் கொடுத்ததில் 25 பேர் நல்ல பார்வையோடு வீடு திரும்பினார்கள். அதே ஊரில் இந்த மருந்து கொடுக்காத இன்னொரு மருத்துவமனையில் 7 குழந்தைகளில் 6 பேருக்குப் பார்வை போயிற்று. இதைக் கேட்டால் நாம் என்ன சொல்வோம்? மருந்து கண்டுபிடித்தாகிவிட்டது என்று சொல்லி வாட்ஸ்அப்பில் அனுப்பியிருப்போம்.

சில்வர்மனுக்குத் திருப்தி இல்லை. இரண்டும் வேறு வேறு மருத்துவமனை, வேறு வேறு குழந்தைகள். ஒப்பிடுவது சரியல்ல என்றார். ஒரே இடத்தில், ஒரு பெட்டிக்குள் இரண்டு நிறக் கோலிக்குண்டுகளைப் போட்டுக் கையை விட்டு எடுத்தார்கள். ஒரு நிறம் வந்தால் மருந்து உண்டு, மற்றது வந்தால் இல்லை. முடிவு வந்தபோது, மருந்து பெற்றவர்களில் மூன்றில் ஒரு பங்குக் குழந்தைகள் பார்வை இழந்திருந்தார்கள். பெறாதவர்களில் ஐந்தில் ஒரு பங்குதான். மருந்து கொடுத்த பக்கம் மரணமும் அதிகம். நடந்தது இதுதான்: ஆரம்ப நிலையில் இந்த நோய் பெரும்பாலான குழந்தைகளுக்குத் தானாகவே சரியாகிவிடும். அந்தப் புகழை மருந்து வாங்கிக்கொண்டது. கோலிக்குண்டு இல்லாவிட்டால் அந்த மருந்து உலகமெங்கும் பரவியிருக்கும்.

ஆக்சிஜன் மீது முதலில் துணிந்து விரல் நீட்டியவர்களில் ஒருவர் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரத்துக் குழந்தை மருத்துவர் கேட் கேம்பல். ஆக்சிஜன் தாராளமாகக் கொடுத்த இடத்தையும் அளவாகக் கொடுத்த இடங்களையும் ஒப்பிட்டு 1951-ல் ஒரு கட்டுரை எழுதினார். தாராளமாகக் கொடுத்த இடத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு குழந்தைக்கு நோய்; மற்ற இடங்களில் அதில் பாதிகூட இல்லை. ஆனால் இதுவும் வேறு வேறு இடங்களை ஒப்பிட்டதுதானே? ஏ.சி.டி.எச். கதைக்கு வந்த சந்தேகம் இதற்கும் வரும். சந்தேகத்துக்கு இடமில்லாத சோதனை வேண்டியிருந்தது.

வாஷிங்டனில் இளம் கண் மருத்துவரான ஆர்னால் பாட்ஸ் அதைச் செய்ய முன்வந்தார். ஒரு பிரிவுக்கு வழக்கப்படி அதிக ஆக்சிஜன், மறு பிரிவுக்குத் தேவைப்படும்போது மட்டும், 40 சதவீதத்துக்குக் கீழே. அரசாங்கத்திடம் பணம் கேட்டபோது, ஆக்சிஜனைக் குறைத்தால் குழந்தைகள் செத்துப் போகும் என்று முதலில் மறுத்துவிட்டார்கள். அண்ணன் தம்பியிடம் கடன் வாங்கிச் சோதனையைத் தொடங்கினார் பாட்ஸ். இரவில் சில நர்சுகள் குறைவான ஆக்சிஜன் பெறும் குழந்தைகளுக்கு யாருக்கும் தெரியாமல் வால்வைத் திறந்து விட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கண்ணெதிரே ஒரு குழந்தை மூச்சுக்குத் தவிக்கும்போது, கைக்கெட்டும் தூரத்தில் குழாய் இருந்தால், நீங்களும் நானும் என்ன செய்திருப்போம்? ஆனால் அவர்கள் இரக்கப்பட்டுக் கொடுத்தது கண்ணைக் கெடுக்கும் பொருளாக இருந்தது. 1952-ல் வந்த முதல் முடிவில், அதிக ஆக்சிஜன் பெற்ற 28 குழந்தைகளில் 7 பேருக்குக் கடுமையான நோய்; குறைவாகப் பெற்ற 37 பேரில் ஒருவருக்கும் இல்லை.

ஆக்சிஜன் எப்படிக் கண்ணைக் கெடுக்கிறது? லண்டனில் நார்மன் ஆஷ்டன் பூனைக்குட்டிகளை வைத்து இதைக் கண்டார். பூனைக்குட்டி பிறக்கும்போது அதன் விழித்திரையில் ரத்தக் குழாய்கள் பாதிதான் வளர்ந்திருக்கும். குறைமாதக் குழந்தைக்கும் அப்படியே. கண்ணின் பின்பக்கம் நரம்பு நுழையும் இடத்திலிருந்து குழாய்கள் கொடிபோல ஓரங்களை நோக்கிப் படர வேண்டும். ஓரம் வரை போய்ச் சேர ஏறக்குறைய பத்து மாதமும் ஆகும். ஆக்சிஜன் பற்றாத இடத்தை நோக்கித்தான் கொடி வளரும். அதிக ஆக்சிஜன் கிடைத்தால் வளர்ச்சி நின்று, இருக்கும் இளங்குழாய்களும் சுருங்கி அழிந்துவிடும். பிறகு விழித்திரை வளர வளர, ரத்தம் போகாத ஓரப்பகுதி ஆக்சிஜன் கேட்டுக் கூச்சல் போடும். அப்போது புதிய குழாய்கள் தாறுமாறாக முளைக்கும். அவை பலவீனமானவை, ரத்தம் கசியும், தழும்பாகும், விழித்திரையைப் பிய்த்து இழுத்துவிடும். நோய் பிறந்த உடனே தெரியாமல் வாரங்கள் கழித்துத் தலைகாட்டுவது இதனால்தான். இந்தத் தாமதத்தை ஞாபகத்தில் வையுங்கள், கடைசியில் தேவைப்படும்.

அடுத்து, அமெரிக்காவில் 18 மருத்துவமனைகள் சேர்ந்து 1953-54-ல் பெரிய சோதனை நடத்தின. முன்னின்று நடத்தியவர் எவரெட் கின்ஸி. 1954 செப்டம்பரில் முடிவு வெளியானது: ஆக்சிஜன்தான் குற்றவாளி, குறைத்துக் கொடுத்தால் சாவு கூடுவதாகத் தெரியவில்லை. 1956-ல் கின்ஸிக்கும் பாட்ஸுக்கும் மருத்துவத்தில் பெரிய மரியாதையான லாஸ்கர் விருது கிடைத்தது. உலகமெங்கும் வால்வுகள் மூடப்பட்டன. இன்குபேட்டரில் ஆக்சிஜன் 40 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது எழுதாத சட்டமாயிற்று. நோய் மளமளவென்று குறைந்தது.

பாடப்புத்தகமாக இருந்தால் இங்கே 'முற்றும்' போட்டு, கோடிட்ட இடங்களை நிரப்புக என்று கேள்வி கொடுத்திருப்பார்கள். உண்மையில் பாதிக் கதைதான் முடிந்திருந்தது.

அந்தப் பெரிய சோதனையில் குழந்தைகளைச் சேர்த்தது பிறந்து 48 மணி நேரம் கழித்து. முதல் இரண்டு நாளைத் தாண்டியவர்கள் மட்டுமே கணக்கில் வந்தார்கள். குறைமாதக் குழந்தைகளில் இறப்பவர்களில் பெரும்பாலோர் இறப்பது அந்த முதல் இரண்டு நாளில்தான். ஆக, 'குறைத்தால் சாவு கூடவில்லை' என்ற முடிவு, சாவு அதிகம் நிகழும் நாட்களைப் பார்க்காமலே சொன்ன முடிவு. பரீட்சையில் கடினமான கேள்விகளை எடுத்துவிட்டு, எல்லோரும் பாஸ் என்று சொன்னதுபோல. ஆனால் விதி எல்லாக் குழந்தைக்கும், முதல் நிமிடத்திலிருந்தே பொருந்தும்படி அமலாயிற்று.

விளைவு மெதுவாகத் தெரிய வந்தது. 1960-ல் மேரி எல்லன் ஏவரியும் ஓப்பன்ஹைமரும், நுரையீரல் முதிராததால் வரும் நோயில் இறக்கும் குழந்தைகள் சமீப வருடங்களில் கூடியிருப்பதாக எழுதினார்கள். பிழைத்தவர்களிலும், மூளைக்கு ஆக்சிஜன் பற்றாமல் கை கால் விறைத்துப்போனவர்கள் கூடினார்கள் என்று பிரிட்டனிலிருந்து கட்டுரை வந்தது. 1973-ல் லண்டனைச் சேர்ந்த கென்னத் கிராஸ், பிறந்த முதல் நாளில் இறக்கும் குழந்தைகளின் கணக்கை எடுத்து ஒரு மதிப்பீடு செய்தார். காப்பாற்றிய ஒவ்வொரு குழந்தையின் பார்வைக்கும் சுமார் 16 குழந்தைகள் உயிரிழந்திருக்கலாம் என்றது அந்த மதிப்பீடு.

இந்த எண்ணைப் படித்துவிட்டு அன்றைக்கு நான் வேறெதுவும் படிக்கவில்லை. பார்வையிழந்த குழந்தை கண்ணுக்குத் தெரியும். பள்ளிக்கு வரும், பாட்டுப் பாடும், கேள்வி கேட்கும். முதல் நாளில் இறந்த குழந்தையை 'குறைமாதம், தங்கவில்லை' என்று சொல்லி எல்லோரும் மறந்துவிடுவார்கள். ஒரு பக்கத்தின் நஷ்டம் சத்தம் போட்டது. மறுபக்கத்தின் நஷ்டம் சத்தமே போடவில்லை. அதனால்தான் கண்டுபிடிக்க இத்தனை வருடம் ஆயிற்று.

இடையில் 1963 ஆகஸ்டில் அமெரிக்க ஜனாதிபதி கென்னடியின் மகன் பேட்ரிக் ஐந்தரை வாரம் முன்னதாகப் பிறந்தான். எடை இரண்டு கிலோவுக்கு மேல். இன்று பயப்பட வேண்டாத எடை. நுரையீரல் விரிந்து நிற்க உதவும் 'சர்ஃபாக்டன்ட்' என்ற வழுவழுப்பான பொருள் அவனுக்குப் போதவில்லை. அந்தக் குறையைக் கண்டுபிடித்துச் சொன்னவர் முன்பு சொன்ன ஏவரிதான், 1959-ல். ஆனால் மருந்து இன்னும் வரவில்லை. பாஸ்டனில் உயர் அழுத்த ஆக்சிஜன் அறைக்குள் வைத்தும் பார்த்தார்கள். 39 மணி நேரத்தில் இறந்துவிட்டான். உலகின் மிகப் பலம் வாய்ந்த மனிதரின் பிள்ளைக்கும் அன்றைக்கு அவ்வளவுதான் செய்ய முடிந்தது.

சரி, 40 சதவீதம் என்ற விதியில் என்ன கோளாறு? அது பெட்டிக்குள் இருக்கும் காற்றை அளந்தது. குழந்தையின் ரத்தத்தை அளக்கவில்லை. நல்ல நுரையீரல் உள்ள குழந்தைக்கு 40 சதவீதமே அதிகம். கெட்டுப்போன நுரையீரலுக்கு 40 சதவீதம் பட்டினி. ஒரே அளவு சாப்பாட்டைப் பந்தியில் எல்லோருக்கும் வைத்துவிட்டு, யாருக்குப் பசி என்று கேட்காமல் போவதுபோல. ரத்தத்தில் எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்று பார்க்க, குழந்தையின் குட்டி ரத்தக் குழாயில் ஊசி போட்டு எடுத்துச் சோதிக்க வேண்டியிருந்தது. சில நூறு கிராம் உடம்பிலிருந்து எத்தனை தடவை ரத்தம் எடுக்க முடியும்?

வழி ஜப்பானிலிருந்து வந்தது. தகுவோ அயோகி என்ற பொறியாளர், நிஹோன் கோடன் என்ற நிறுவனத்தில் வேலை பார்த்தவர். 1970களின் தொடக்கத்தில், சாயம் செலுத்தி ஒளியை வைத்து இதயத்தின் வேலையை அளக்க முயன்றார். நாடித் துடிப்பு குறுக்கே வந்து அளவைக் கெடுத்துக்கொண்டே இருந்தது. தொந்தரவு கொடுத்த அந்தத் துடிப்பையே பயன்படுத்தினால் என்ன என்று யோசித்தார். ஆக்சிஜன் ஏறிய ரத்தம் பளிச்சென்ற சிவப்பு. இறங்கிய ரத்தம் கறுஞ்சிவப்பு. சிவப்பு ஒளியையும் அகச்சிவப்பு ஒளியையும் விரல் வழியாகச் செலுத்தி, துடிப்போடு கூடிக் குறையும் பகுதியை மட்டும் பார்த்தால், தமனி ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் ஏறியிருக்கிறது என்று ஊசியில்லாமல் தெரிந்துவிடும். அதுதான் பல்ஸ் ஆக்சிமீட்டர். கொரோனா காலத்தில் ஆளுக்கு ஆள் விரலில் மாட்டி 97, 98 என்று சொல்லிக்கொண்டிருந்தோமே, அதே கருவி. அந்தத் தொற்று உலகைச் சுற்றிய 2020 ஏப்ரலில் அயோகி இறந்துபோனார்.

குறைமாதக் குழந்தையின் காலில் சுற்றியிருக்கும் சிவப்பு விளக்கு இந்தக் கருவிதான். இங்கே ஒரு நுணுக்கம். ஆக்சிஜன் வைத்திருக்கும் குறைமாதக் குழந்தைக்கு மானிட்டரில் 100 காட்டினால் பார்ப்பவர்கள் சந்தோஷப்படுவார்கள். நர்ஸ் ஆக்சிஜனைக் குறைப்பார். ஏன்? ரத்தத்தின் சிவப்பணுக்கள் நிறைந்துவிட்டால் கருவி 100-க்கு மேல் காட்ட முடியாது. நிரம்பிய குடத்தில் இன்னும் எவ்வளவு தண்ணீர் ஊற்றினோம் என்பது குடத்தைப் பார்த்தால் தெரியாதல்லவா, அப்படி. ரத்தத்தில் ஆக்சிஜன் கொஞ்சம் அதிகமா, பல மடங்கு அதிகமா என்று 100 என்ற எண் சொல்லாது. நூற்றுக்கு நூறு வாங்கினால் கவலைப்பட வேண்டிய பரீட்சை எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான். (ஆக்சிஜன் வைக்காமல் சாதாரணக் காற்றைச் சுவாசிக்கும் குழந்தைக்கு 100 காட்டினால் கவலை வேண்டாம்.)

அப்படியானால் எத்தனை இருக்க வேண்டும்? கருவி வந்த பிறகும் இதற்கு விடை தெரியவில்லை. 85-லிருந்து 95 வரை எதுவும் சரி என்று ஒவ்வொரு மருத்துவமனையும் ஒவ்வொரு வழக்கம் வைத்திருந்தது. கடைசியில் அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து நாடுகளில், 28 வாரத்துக்கு முன் பிறந்த குழந்தைகளை வைத்து ஒரே மாதிரியான ஐந்து சோதனைகள் நடந்தன. ஒரு பிரிவுக்கு இலக்கு 85-89. மறு பிரிவுக்கு 91-95. இந்தத் தடவை யார் எந்தப் பிரிவு என்று மருத்துவருக்கும் நர்சுக்கும் தெரியாதபடி, கருவி காட்டும் எண்ணையே வேண்டுமென்று சற்று மாற்றி வைத்தார்கள். 1950களில் இரவில் வால்வைத் திறந்த கைகளை அவர்கள் மறக்கவில்லை போலும். (அமெரிக்கச் சோதனையில், இந்த ஆபத்துகளைப் பெற்றோருக்குத் தெளிவாகச் சொன்னார்களா என்று 2013-ல் பெரிய விவாதமே நடந்தது.)

ஐந்தையும் சேர்த்து 4,965 குழந்தைகளின் கணக்கு 2018-ல் வெளியானது. குறைவான இலக்கு வைத்தவர்களில் 19.9 சதவீதம் பேர் இறந்தார்கள்; அதிக இலக்கு வைத்தவர்களில் 17.1 சதவீதம். கண்ணுக்குச் சிகிச்சை தேவைப்பட்டவர்கள் முறையே 10.9, 14.9 சதவீதம். அதாவது, இலக்கைக் குறைத்தால் நூற்றுக்கு நான்கு குழந்தைகள் கண் சிகிச்சையிலிருந்து தப்பும். ஏறக்குறைய மூன்று குழந்தைகள் அதிகமாக இறக்கும். கென்னத் கிராஸ் தோராயமாகச் சொன்ன அதே தராசு, இப்போது துல்லியமான எண்களில்.

எந்தப் பக்கம் சாய்வது? கண் நோய்க்கு இன்று சிகிச்சை இருக்கிறது. 1988-ல் உறைய வைக்கும் சிகிச்சை பலன் தருகிறது என்று நிரூபித்தார்கள். பிறகு லேசர் வந்தது. இப்போது கண்ணுக்குள் போடும் ஊசியும் இருக்கிறது. இறந்த குழந்தைக்குச் சிகிச்சை இல்லை. அதனால் இன்று பெரும்பாலான இடங்களில் இலக்கு 90-95-ஐ ஒட்டியே இருக்கிறது. 95-க்கு மேல் போனாலும் குறைத்துவிடுகிறார்கள். எண் தெரிந்தால் மட்டும் போதாது. அந்த எல்லைக்குள் குழந்தையை வைத்திருப்பது கயிற்றின் மேல் நடப்பது போன்றது. நல்ல மருத்துவமனைகளிலேயே குழந்தைகள் இலக்குக்குள் இருப்பது சராசரியாகப் பாதி நேரம்தான் என்று 2006-ல் வந்த ஓர் ஆய்வு சொல்லிற்று. குழந்தை மூச்சை மறக்கும், எண் 80-க்கு இறங்கும், அலாரம் அடிக்கும், நர்ஸ் ஆக்சிஜனைக் கூட்டுவார். குழந்தை மூச்சு விடும், எண் 99-க்கு ஏறும், குறைக்க வேண்டும். இது நாள் முழுக்க நடக்கும். ஒரு நர்சுக்கு எத்தனை குழந்தை என்பதைப் பொறுத்துத்தான் ஒரு குழந்தையின் கண் இருக்கிறது என்றால் மிகையில்லை. நர்சிங் படித்த என் பிள்ளைகளே, இந்தப் பத்தி உங்களுக்கானது.

இப்போது நம் நாட்டுக்கு வருகிறேன். பணக்கார நாடுகளில் 1940-50களில் வந்தது முதல் அலை. மிகச் சிறிய குழந்தைகளும் பிழைக்கத் தொடங்கிய 1970-80களில் இரண்டாவது அலை. மூன்றாவது அலை இப்போது நம்மைப் போன்ற நாடுகளில். உலகிலேயே அதிகக் குறைமாதக் குழந்தைகள் பிறப்பது இந்தியாவில்; வருடத்துக்கு 30 லட்சம் போல. மாவட்டந்தோறும் பச்சிளங்குழந்தைப் பிரிவுகள் வந்து, முன்பு இறந்திருக்கக்கூடிய குழந்தைகள் பிழைக்கிறார்கள். நல்ல விஷயம். ஆனால் ஆக்சிஜனையும் காற்றையும் கலந்து கொடுக்கும் கருவி எல்லா இடத்திலும் இல்லை. சிலிண்டரிலிருந்து நேராகக் கொடுத்தால் அது 100 சதவீத ஆக்சிஜன். அதனால் மேல்நாட்டில் இந்த நோய் வராத ஒன்றரை கிலோ, ஒன்றே முக்கால் கிலோ குழந்தைக்கும் இங்கே வருகிறது.

1996-ல் சென்னையில் ஓர் அரசு மருத்துவமனையில் குறைமாதத்தில் பிறந்த பெண் குழந்தை ஒன்று, கண் பரிசோதனை பற்றி யாரும் சொல்லாமலே வீட்டுக்கு அனுப்பப்பட்டது. பெற்றோருக்குத் தெரிய வந்தபோது காலம் கடந்துவிட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2015-ல் சுமார் 1.8 கோடி ரூபாய் இழப்பீடு தர உத்தரவாயிற்று. அந்தப் பெண்ணுக்கு அப்போது வயது 18. பணம் வந்தது, பார்வை வரவில்லை. சில நிமிடப் பரிசோதனை ஒன்று தவறியதுதான் காரணம்.

இதற்கு நல்ல வழியும் நம் பக்கத்திலேயே பிறந்திருக்கிறது. பெங்களூரில் 2008-ல் தொடங்கிய கிட்ராப் என்ற திட்டத்தில், பயிற்சி பெற்ற டெக்னீஷியன்கள் கேமராவோடு கிராமப்புற மருத்துவமனைகளுக்குப் போய்க் குழந்தையின் விழித்திரையைப் படம் எடுக்கிறார்கள். தொலைவிலிருக்கும் மருத்துவர் அதைப் பார்த்து முடிவு சொல்கிறார்.

இப்போது நான் சொன்ன '30 நாள்'. தயவு செய்து கவனமாகப் படியுங்கள்.

குழந்தை 34 வாரத்துக்கு முன் பிறந்திருந்தாலோ, பிறப்பு எடை 2 கிலோவுக்குக் கீழ் இருந்தாலோ, பிறந்து 30 நாளுக்குள் விழித்திரைப் பரிசோதனை நடந்திருக்க வேண்டும். 28 வாரத்துக்கு முன் பிறந்ததோ, 1,200 கிராமுக்குக் கீழ் உள்ளதோ என்றால் இரண்டு மூன்று வாரத்திலேயே. அதைவிடப் பெரிய குழந்தையாக இருந்தும் நீண்ட நாள் ஆக்சிஜன் வைத்திருந்தாலோ, உடல்நிலை மோசமாகித் தேறியிருந்தாலோ, கேட்டுப் பாருங்கள். கண்மணி விரிய மருந்து விட்டு, பழகிய கண் மருத்துவர் சில நிமிடத்தில் பார்த்துவிடுவார். ஒரு தடவையோடு முடியாது. குழாய்கள் ஓரம் வரை வளர்ந்துவிட்டன என்று அவர் சொல்லும்வரை, அவர் சொன்ன தேதியில் போக வேண்டும். சிகிச்சை வேண்டும் என்றால் இரண்டு மூன்று நாளுக்குள் செய்ய வேண்டியிருக்கும்; 'அடுத்த வாரம் நல்ல நாள்' என்று தள்ளாதீர்கள்.

வெளியிலிருந்து பார்த்தால் கண் சாதாரணமாகவே இருக்கும். குழந்தை நன்றாகப் பால் குடிக்கும், எடை போடும். நோய் வாரங்கள் கழித்துத்தான் தலைகாட்டும் என்று சொன்னேன் அல்லவா? பல குழந்தைகள் அதற்குள் வீட்டுக்கு வந்துவிடுகின்றன. அதனால் டிஸ்சார்ஜ் ஆகும் அன்றே, "கண் பரிசோதனை எந்தத் தேதி, எங்கே?" என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

பிரிவுக்குள் குழந்தை இருக்கும்போது, ஆக்சிஜனைக் கூட்டச் சொல்லி நர்சுகளை வற்புறுத்த வேண்டாம். குறைக்கச் சொல்லியும் வற்புறுத்த வேண்டாம். "இலக்கு எத்தனை வைத்திருக்கிறீர்கள்?" என்று மரியாதையாகக் கேட்கலாம், சொல்வார்கள். ஆக்சிஜன் ஒரு மருந்து. மருந்துக்கு அளவு உண்டு. அந்த அளவைத் தெரிந்துகொள்ள எத்தனை குழந்தைகளின் கண்ணும் உயிரும் போயிருக்கின்றன என்பதைத்தான் மேலே எழுதியிருக்கிறேன்.

மருத்துவம் படித்த பிள்ளைகள், இன்னும் சேர்க்க வேண்டியது இருந்தால் கீழே எழுதுங்கள், எல்லோருக்கும் உபயோகப்படும். மற்றவர்கள், கர்ப்பிணிகளும் கைக்குழந்தைக்காரர்களும் இருக்கும் குடும்பக் குழுக்களில் இதைப் பகிருங்கள். நீளமாக இருக்கிறது என்றால் '30 நாள்' பகுதியை மட்டும் வெட்டி அனுப்பினாலும் சரி.